மழைக்கு முந்திய பயணம்
மராட்டிய நாட்டுப் புரவிகளும் பருவ மாற்றமும்

வரலாறு என்றவுடன் மன்னர் பெயரும் போர்க்களத்தின் பெயருமே நம் நினைவுக்கு வருகின்றன. அம்மன்னரைச் சுமந்து சென்ற விலங்கு எங்கே மேய்ந்தது, மழைக்காலத்தில் எங்கே நின்றது, அதற்கு வைக்கோல் இட்டவர் யார் என்னும் வினாக்களை நாம் எழுப்புவதில்லை. ஆயினும் ஒரு நாட்டின் வலிமை பல வேளைகளில் வைக்கோற்போரின் அளவையே பொறுத்திருந்தது. நாம் குடியேறி வாழும் இம்மராட்டிய மண்ணின் வரலாறு அதற்குச் சிறந்த சான்று. வாஷியில் வாழும் தமிழ்க் குடும்பத்தார், குறிப்பாக இங்கேயே பிறந்து வளரும் இளையோர், இதனை அறிந்துகொள்ளுதல் நலம் எனக் கருதி இக்கட்டுரையை வரைகின்றோம்.

குளிர் நாடும் மழை நாடும்

குளிர் மிகுந்த நாடுகளில் குதிரை வளர்ப்போர் ஆண்டுக்கு இருமுறை இடம் பெயர்வர். பனிக்காலத்தில் பள்ளத்தாக்கிலும், கோடையில் உயர்ந்த மலைப்புல்வெளியிலும் தம் மந்தையை மேய்ப்பர். மங்கோலியரும் கிர்கிசு மக்களும் இவ்வாறே வாழ்ந்தனர். நம் நாட்டிலும் சம்மு காசுமீரப் பகுதியின் பக்கர்வால் மக்கள் குளிர்காலத்தைச் சம்முச் சமவெளியை ஒட்டிய குன்றுகளில் கழித்து, பனி உருகியதும் பீர்பஞ்சால் மலையைக் கடந்து காசுமீரத்துப் புல்வெளிகளுக்கு ஏறுகின்றனர். அவர்தம் கூடாரத்தையும் குழந்தைகளையும் சுமப்பவை குதிரைகளே. பனி முற்றும் உருகுமுன் புறப்பட்டால் கணவாயில் சிக்கி மடிய நேரும். காலந்தாழ்த்தினால் கீழே புல் காய்ந்துவிடும். புறப்படும் நாளை அறிவதே அவர்தம் கலையின் உயிர்நாடி.

மராட்டிய நாட்டில் ஆண்டை இரண்டாகப் பிரிப்பது பனியன்று, மழை. சகியாத்திரி மலைத்தொடர் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கின்றது. அதன் மேற்கே நாம் வாழும் கொங்கணம்; கிழக்கே தேசம் என வழங்கும் மேட்டுநிலம். சூன் மாதத்தில் மிருகசீரிடக் காலம் பிறந்ததும் கொங்கணத்தில் பேய்மழை தொடங்கும். நான்கு திங்கள் நிலம் சேறாய்க் கிடக்கும். அவ்வளவு ஈரத்தில் நாட்கணக்காய் நிற்கும் குதிரைக்குக் குளம்பு அழுகும், நோய் பற்றும். மலைக்கு அப்பால் மேட்டுநிலத்திலோ மழை குறைவு, பூமி விரைவில் காயும், சிறுபுல் தழைக்கும். ஆதலின் புரவியை உடைய எவரும் வானம் திறக்குமுன் தம் விலங்கைத் தக்க இடம் சேர்த்தாக வேண்டும். இந்த ஒரு தேவையைச் சுற்றியே ஓர் அரசின் படைமுறை முழுவதும் அமைந்தது.

தமிழகமும் கடல்வழிப் புரவியும்

தமிழகத்தில் குதிரை என்றும் அரிய பொருளாகவே இருந்தது. கடல்வழி வந்த புரவிகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச்செட்டிகள் காணப்படுகின்றனர். பாண்டியன் தந்த பொருளைக் கொண்டு குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகர் அதனைத் திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவிட்டதும், நரிகள் பரிகளான திருவிளையாடலும் நம் வீட்டுச் சிறுவரும் அறிந்த கதை. அக்கதையின் பின்னே ஒரு பொருளாதார உண்மை நிற்கின்றது. அரசன் கருவூலத்தைத் திறந்து குதிரைக்குப் பொருள் தந்து ஆளனுப்ப வேண்டியிருந்தது என்பதே அது.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான குதிரைகள் ஆண்டுதோறும் கப்பலில் வந்திறங்குவதையும், அவற்றுட் பெரும்பாலன ஓராண்டு முடிவதற்குள் இறந்துபடுவதையும் எழுதி வைத்தார். அவற்றைப் பேணும் முறை இங்குள்ளார்க்குத் தெரியவில்லை என்பதும், சோற்றோடு இறைச்சியும் கலந்து ஊட்டினர் என்பதும் அவர் கூற்று. அயலார் ஒருவரின் பார்வை என்பதால் இதில் மிகை இருக்கலாம். எனினும் பெரும்பொருள் கொடுத்து வாங்கிய விலங்கு, அதற்கேற்ற புல்லும் காற்றும் பேணுமுறையும் இன்றேல் நிலைக்காது என்னும் உண்மை இதனால் விளங்கும். குதிரையை விலைக்கு வாங்கலாம்; அதன் மேய்ச்சல் நிலத்தை விலைக்கு வாங்கிக் கப்பலில் ஏற்ற முடியாது.

மராட்டியர்க்கு இவ்வகையில் ஒரு பேறு வாய்த்திருந்தது. பீமா ஆற்றங்கரையில் வளர்ந்த பீம்தடி என்னும் நாட்டுக் குதிரை அவர்களுக்குக் கிடைத்தது. அரபுக் குதிரையின் உயரமும் ஒயிலும் அதற்கில்லை. ஆயினும் குறைந்த தீனியில் நெடுவழி நடக்கும், மலைப்பாதையில் கால் இடறாது, வெயிலைத் தாங்கும். சென்னைக்குச் செல்லும் புகைவண்டியில் தவுண்டு நிலையத்தை அடையும் அன்பர்கள், தாங்கள் அக்குதிரை பிறந்த பீமா ஆற்றங்கரையில் நிற்பதை நினைவுகூர்தல் வேண்டும்.

செஞ்சிக் கோட்டையில் எழுதப்பெற்ற நூல்

சிவாசி மன்னரின் படை ஒழுங்கை நாம் அறிவதற்குத் துணையாவது சபாசத் என்பார் எழுதிய வரலாற்று நூலாகும். மராட்டியர் வரலாற்றுக்கு அடிப்படையான அந்நூல் எழுதப்பெற்றது புனேயிலோ இராயகட்டிலோ அன்று. நம் தென்னார்க்காட்டுச் செஞ்சிக் கோட்டையில். முகலாயரால் நெருக்கப்பட்ட இராசாராம் 1689-ஆம் ஆண்டு செஞ்சியை அடைந்து, அங்கிருந்து ஆட்சி புரிந்தார். அவருடைய விருப்பத்தின் வண்ணம், அவர் தந்தையாரின் ஆட்சி முறையைக் கிருட்டிணாசி அனந்த சபாசத் 1690-களில் அங்கேயே எழுதி முடித்தார். தமிழ் மண் மராட்டியர்க்குச் செய்த விருந்தோம்பலின் பயன்களுள் இந்நூலும் ஒன்று என நாம் பெருமை கொள்ளலாம்.

அந்நூல் கூறும் முறை இது. மழைக்காலத்தில் படை தன் நாட்டிலுள்ள பாசறைக்குத் திரும்பிவிட வேண்டும். தானியமும், புல்லும், குதிரைக்கு வேண்டிய மருந்தும், வேய்ந்த கொட்டில்களும் அங்கே முன்னரே ஆயத்தமாய் இருத்தல் வேண்டும். விசயதசமி கழிந்ததும் படை புறப்படும். புறப்படும்போது ஒவ்வொரு வீரன் கையிலுள்ள பொருளுக்கும் பட்டியல் எழுதப்படும். எட்டுத் திங்கள் வெளிநாட்டில் கழித்து, வைசாக மாதத்தில் மீளும்போது எல்லையிலேயே சோதனை நிகழும். பட்டியலுக்கு மேற்பட்டவை மதிப்பிடப்பெற்று அரசுக்குச் சேரும்.

குதிரைகளின் பராமரிப்பிலும் கணக்கு இருந்தது. அரசுக் குதிரையில் ஏறுவோர் பார்கீர் எனவும், தம் சொந்தக் குதிரையோடு வருவோர் சிலேதார் எனவும் பெயர் பெற்றனர். இருபத்தைந்து வீரர்க்கு ஓர் அவல்தார். அந்த இருபத்தைந்து குதிரைக்கும் தோற்பையில் நீர் கொணர்பவர் ஒருவர். லாடம் அடிப்பவர் ஒருவர். பெரும்படைகள் பலவற்றில் யானையும் அம்பாரியும் எண்ணப்பட்ட காலத்தில், இங்கே தண்ணீர்ப் பையும் லாடமும் எண்ணப்பட்டன. மார்க்கோ போலோ கண்ட குறைக்கு இது நேர்விடையாக அமைந்ததைக் காண்க.

இன்றும் விசயதசமியன்று மராட்டிய மக்கள் ஊர் எல்லையைக் கடந்து சென்று மந்தாரை இலையைப் பொன்னென ஒருவர்க்கொருவர் வழங்குகின்றனர். சீமோல்லங்கனம், அதாவது எல்லை கடத்தல், என்பது அச்சடங்கின் பெயர். மழை ஓய்ந்து, ஆறு வடிந்து, புல் முற்றி, புரவி கொழுத்துப் புறப்படும் நாள் அது. நம் அண்டை வீட்டார் அவ்விலையை நம் கையில் வைக்கும்போது, ஒரு பழைய படையின் பயண நாள் நம் வாயிலுக்கு வருகின்றது.

சிப்ளூணுக்கு எழுதிய கடிதம்

முறை வகுப்பது எளிது. முறை தவறிய ஆண்டில் என் செய்வது என்பதிலேதான் ஆட்சியின் தகுதி விளங்கும். 1670-களின் முற்பகுதியில் அத்தகைய ஆண்டொன்று வந்தது. கொங்கணத்துச் சிப்ளூணில் தங்கியிருந்த குதிரைப்படை அவ்வாண்டு மலை ஏறி மேட்டுநிலம் செல்லவில்லை. மழைக்காலத்தைக் கொங்கணத்திலேயே கழிக்க நேர்ந்தது. தாபோல் வட்டாரத்தில் மழைக்கெனச் சேர்த்து வைத்திருந்த தானியமும் தீனியும் பெரும்பாலும் முன்னரே செலவாகிவிட்டன. வைசாகத்தின் இருபது நாட்களும் கூடுதலாகத் தலைமேல் விழுந்தன. கோட்டைகளில் இருந்த தானியத்தைத் திரட்டி, ஒருவாறு மழைக்காலத் தேவைக்கு வழி செய்யப்பட்டது. அவ்வேளையில் அங்கிருந்த படை அலுவலர்க்குச் சிவாசி மன்னர் ஒரு கடிதம் விடுத்தார். மராட்டிய அரச ஆவணங்களுள் மிகச் சிறந்தவற்றில் ஒன்றாக அதனைக் கொள்ளலாம்.

கடிதத்தின் கருத்தைச் சுருங்கக் கூறுவோம். இருக்கும்போது மனம்போனவாறு தீனியை வாரி இறைத்தீர்களாயின், கொட்டும் மழையில் மீண்டும் எதுவும் கிட்டாது. குதிரைகள் பட்டினியால் சாகும். அவற்றைக் கொன்றவர் நீங்களே ஆவீர்கள் என்பது முதல் எச்சரிக்கை. அதன்பின் வரும் செய்தியே உள்ளத்தைத் தொடுவது. தீனி தீர்ந்ததும் நீங்கள் ஊருக்குள் புகுவீர்கள். ஒருவன் குடியானவனின் தானியத்தை எடுப்பான்; ஒருவன் ரொட்டியை எடுப்பான்; புல்லும் விறகும் காய்கறியும் பறிபோகும். உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஊரில் இருக்கும் ஏழை உழவரும் ஓடத் தொடங்குவர். பலர் பசியால் மடிவர். முகலாயரினும் நீங்கள் கொடியவர் என அவர்கள் எண்ணுவர். ஆதலின் வேண்டியதைக் கடைத்தெருவில் காசு கொடுத்து வாங்குக. குடிகளை ஒரு சிறிதும் வருத்தற்க என்பது ஆணை.

மூன்றாவது பகுதி ஓர் இல்லத்தலைவரின் எச்சரிக்கை போல் அமைந்தது. கொட்டிலுக்கு அருகே ஒருவன் அடுப்பு மூட்டுவான். ஒருவன் புகை பிடிப்பான். ஒருவன் விளக்கை அணையாமல் உறங்குவான். எரியும் திரியை எலி இழுத்துச் சென்று வைக்கோலில் இட்டுவிடும். புல் எரிந்தால் குதிரை பிழைக்காது. பிறகு உழவர் தலையை வெட்டினாலும், கணக்கரை எவ்வளவு நெருக்கினாலும், ஒரு துரும்பும் கிடைக்காது. ஆகவே இரவில் விளக்கு வேண்டா என்று அக்கடிதம் வற்புறுத்துகின்றது.

அன்பர்களே, ஓர் அரசர் எலியைப் பற்றி எழுதுகின்றார்! கோட்டைகளைக் கைப்பற்றியவர், முடிசூட்டு விழாவை (1674) எதிர்நோக்கிய ஆண்டுகளில், ஒரு விளக்குத் திரியின் மீது கருத்துச் செலுத்துகின்றார். குதிரையின் உயிர், உழவனின் அடுப்பு, அரசின் நற்பெயர் ஆகிய மூன்றும் ஒரே வைக்கோற்போரில் கட்டுண்டு கிடந்ததை அவர் உணர்ந்திருந்தார். அதிகாரத்தால் தலையை வெட்டலாம், புல்லை முளைக்கச் செய்ய இயலாது என அவர் ஒப்புக்கொண்டது, ஆள்வோர் அனைவரும் நினைவிற் கொள்ளத்தக்க ஒன்றாகும்.

மலைப்பாதையில்

கொங்கணத்திலிருந்து மேலே செல்லக் கணவாய்கள் சிலவே உண்டு. கலியாணைச் சுன்னருடன் இணைக்கும் நானேகாட் மிகப் பழையது. சாதவாகர் காலக் கல்வெட்டு அங்கே உள்ளது. கண்டாலா வழியாக ஏறுவது போர்காட். சிப்ளூணிலிருந்து கராடுக்குச் செல்வது கும்பார்லி. செங்குத்தான இப்பாதைகளில் குதிரையை ஏற்றுதற்குப் பொறுமை வேண்டும். வெயில் ஏறுமுன் நடையைத் தொடங்க வேண்டும். சுமையைக் குறைத்து, சரிவு மிகுந்த இடத்தில் வீரன் இறங்கிக் கடிவாளத்தைப் பற்றி நடக்க வேண்டும். லாடம் தளர்ந்திருந்தால் பாறையில் கால் வழுக்கும். ஆதலின் புறப்படுமுன் ஒவ்வொரு குளம்பையும் பார்த்தல் இன்றியமையாதது. முதல் மழை விழுந்த பின்னரோ பாதை பாசி படிந்து, ஓடைகள் பெருகி, ஏற்றம் ஆபத்தாகிவிடும்.

சென்று சேர்ந்த பின்னும் ஓர் ஆபத்து உண்டு. வைக்கோலும் கொள்ளும் தின்று பழகிய குதிரையைப் புதுமழைப் பசும்புல்லில் திடீரென விடலாகாது. குதிரைக்கு உண்டதைக் கக்கும் ஆற்றல் இல்லை. வயிற்றுவலி கண்டால் உயிருக்கே கேடு விளையும். நாள்தோறும் சிறிது சிறிதாகப் பசும்புல்லைக் கூட்டி, உலர்தீனியைக் குறைத்து வருதலே தக்க முறை. இளைத்தவனுக்கு எள்ளும் கொழுத்தவனுக்குக் கொள்ளும் என்று நம் முன்னோர் சொன்னது மனிதர்க்காயினும், தீனியை அறிந்து ஊட்ட வேண்டும் என்னும் கருத்து விலங்கிற்கும் பொருந்தும்.

பருவம் தவறியதன் விளைவு

இம்முறையின் அருமை, அது கைவிடப்பட்ட இடங்களில் நன்கு புலப்படுகின்றது. முதற்சான்று நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. மேற்கே மழை ஓயும் ஐப்பசியில் செஞ்சியில் அடைமழை தொடங்கும். 1690 முதல் செஞ்சியை முற்றுகையிட்டிருந்த முகலாயப் படை, 1692-ஆம் ஆண்டின் பெருமழையில் தானியம் இன்றித் தவித்தது. அவ்வாண்டு திசம்பரில் சந்தாசி கோர்படே, தானாசி சாதவ் ஆகிய தளபதியர் பெரும் குதிரைப்படையுடன் வந்து சேர்ந்தனர். முகலாயத் தளபதி சுல்பிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. எனினும் முற்றுகை மீண்டும் தொடர்ந்து, 1698-இன் தொடக்கத்தில் செஞ்சி வீழ்ந்தது.

இரண்டாம் சான்று பானிபத்து. 1760-ஆம் ஆண்டு மார்ச்சில் வடக்கு நோக்கிப் புறப்பட்ட சதாசிவராவ் பாவின் படை, மழைக்கு வீடு திரும்பும் படையாக இருக்கவில்லை. பீரங்கியும் குடும்பங்களும் யாத்திரிகர்களும் உடன் சென்றனர். நவம்பர் முதல் பானிபத்தில் அப்படை அடைபட்டது. உணவு வரும் வழிகள் அறுந்தன. குதிரைகள் தீனியின்றி எலும்பாயின. 1761 சனவரி 14-ஆம் நாள், நமக்குப் பொங்கற் காலமாகிய அந்நாளில், பசித்த வீரர் பசித்த குதிரைமீது ஏறிப் போருக்குச் சென்றனர். அன்றைய தோல்விக்குக் காரணங்கள் பல. அவற்றுள் வைக்கோற் பஞ்சமும் ஒன்று என்பதில் ஐயமில்லை.

மூன்றாம் சான்று பகைவன் கற்ற பாடம். பின்னாளில் வெல்லிங்டன் கோமகன் ஆன ஆர்தர் வெல்லசுலி, மைசூர்ப் பகுதியில் இருந்தபோதே மராட்டியர் படைமுறையை ஆராய்ந்தார். மழைக்காலத்தில் ஆறுகள் நிரம்பியிருக்கும்போது மராட்டியக் குதிரைகள் கடக்க மாட்டா. நம்மிடம் படகு இருந்தால் அக்காலமே நமக்கு நற்காலம் என அவர் முடிவு செய்தார். தோல் போர்த்த பரிசல்களை அவர் அதற்கெனப் பயன்படுத்தினார். காவிரியிலும் துங்கபத்திரையிலும் நாம் காணும் எளிய பரிசல் ஒரு பேரரசின் போர்க்கருவி ஆயிற்று! 1803 ஆகத்தில் அகமத்நகர்க் கோட்டை வீழ்ந்தது. செப்தம்பர் 23-ஆம் நாள் அசாயேப் போர் நிகழ்ந்தது. மழைக்கு ஓய்ந்திருப்பது என்னும் பழைய வழக்கத்தைப் பகைவன் தன் வாய்ப்பாக மாற்றிக்கொண்டான்.

இன்றும் நடக்கும் புரவிகள்

படைகள் மறைந்தன, பயணம் மறையவில்லை. மேட்டுநிலத்துத் தங்கர் குல ஆயர்கள் ஆண்டுதோறும் தீபாவளியை ஒட்டி ஆட்டு மந்தையுடன் மலையிறங்கிக் கொங்கணம் வருகின்றனர். அறுவடையான நெல் வயல்களில் இரவில் ஆடுகளைக் கிடை போடுகின்றனர். உரம் பெற்ற உழவர் தானியமோ பணமோ தருகின்றனர். இராமநாதபுரத்திலிருந்து தஞ்சை வயல்களுக்குச் செல்லும் நம் கீதாரிகளைக் கண்டவர்க்கு இது புதிதன்று. தங்கரிடம் உள்ள சிறப்பு அவர்தம் குதிரைகளே. ஆடவர் மந்தையோடு செல்ல, பெண்டிர் குதிரைமீது கூடாரம், பாத்திரம், கோழி, ஆட்டுக்குட்டி ஆகியவற்றை ஏற்றி முன்சென்று அடுத்த தங்குமிடத்தை அமைக்கின்றனர். மழைக்கு முன்னர் மீண்டும் மலையேறி மேட்டுநிலம் அடைகின்றனர். சிவாசி மன்னரின் படை கடைப்பிடித்த அதே நாட்காட்டியை இவர்கள் எழுத்தின்றிக் காத்து வருகின்றனர்.

அவர்தம் பீம்தடிக் குதிரை தனி இனம் என 2024-ஆம் ஆண்டு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தால் பதிவு செய்யப்பெற்றது. அதன் உயிரைக் காத்தவர்கள் அரண்மனையாரல்லர். இந்த ஆயர் குலத்தாரே. மறுபுறம், மகாலட்சுமி ஓட்டத்திடலின் பந்தயக் குதிரைகளும் மழைக்கு முன் புனேக்கு அனுப்பப்படுகின்றன. மும்பையில் பந்தயம் நவம்பர் முதல் கோடை வரை. புனேயில் சூலை முதல் அக்டோபர் வரை. செல்வர் குதிரையும் ஏழை ஆயர் குதிரையும் ஒரே மழைக்கு அஞ்சி ஒரே மலையைத்தான் ஏறுகின்றன. ஒன்று ஊர்தியில் செல்கின்றது. மற்றொன்று நடந்து செல்கின்றது.

நடந்து செல்வோர்க்கே இன்று இடர் மிகுதி. பழைய கணவாய் வழிகளில் விரைவுச் சாலைகள் அமைந்தன. புல்வெளிகள் வேலிக்குள் அடங்கின. கிடை போட்ட வயல்கள் நகரங்களாயின. நாம் வாழும் நவி மும்பையும் 1970-ஆம் ஆண்டுக்குப் பின் 95 சிற்றூர்களின் நிலத்தைக் கொண்டு எழுப்பப்பட்டதேயாகும். வயலும் உப்பளமும் சதுப்புநிலமும் நமக்கு வீடாயின. இதனைக் குற்றமாகக் கூறவில்லை. நம் குடும்பங்கள் தழைத்தது இம்மண்ணில்தான். ஆயினும் நமக்கு இடம் தந்தது எது என்பதை மறவாதிருத்தல் நன்றியுடையோர் கடமை.

முடிவுரை

நாமும் பருவம் அறிந்து இடம் பெயர்ந்தவர்களே. பிழைப்பு நாடி முன்னோர் தாராவிக்கும் மாதுங்காவிற்கும் செம்பூருக்கும் வந்தனர். அவர் வழியினர் பலர் கடற்கழியைக் கடந்து வாஷியை அடைந்தனர். கோடை விடுமுறையில் சென்னை வண்டி ஏறும்போது, கர்சத்தில் பின்னே துணை இயந்திரம் பூட்டப்பெற்று வண்டி மலை ஏறுவதைக் குழந்தைகள் கண்டு மகிழ்கின்றனர். 1863-ஆம் ஆண்டு முதல் இயங்கும் அந்த இருப்புப்பாதை ஏறுவது பழைய போர்காட் மலையையே. இரும்புக் குதிரைக்கும் அங்கே துணை வேண்டியிருக்கின்றது என்றால், உயிர்க்குதிரையை அங்கே நடத்திச் சென்றோரின் திறமையை என்னென்பது! பெற்றோர் அவ்விடத்தில் தம் மக்களுக்குச் சிப்ளூண் கடிதத்தின் கதையைச் சொல்வார்களாக.

மழை வருமுன் புறப்படுக. இருப்பதை அளந்து செலவிடுக. வந்த இடத்துக் குடிகளை வருத்தாது வாழ்க. உறங்குமுன் விளக்கை அணைக்க மறவற்க. குதிரைப்படைக்கு வகுத்த இந்நான்கு நெறிகளும் புலம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கும் பொருந்துவனவே. மராட்டிய மண்ணும் தமிழ் நெஞ்சமும் இணைந்து வாழ்க!